சாமர்த்தியக்காரி வீடு

தேவிபட்டினத்தில் அந்தத் தெருவுக்கு ஒரே ஒரு சொல் போதும், பொழுது போய்விடும். சாமர்த்தியம். அரைக் கிலோ சூடை மீனை வாங்கிக் குழம்பு, பொரியல், மறுநாளைக்கு மிச்சம் என்று இழுத்தால் சாமர்த்தியம். மாமியார் ஏசும்போது காது கேளாதவளாகப் பாத்திரம் கழுவினால் சாமர்த்தியம். விழுந்து முட்டி பெயர்ந்த பிள்ளை அழாமல் எழுந்து நின்றால் அதுவும் சாமர்த்தியம்தான், அதற்கு ஒரு மிட்டாய் வேறு. ஆனால் தேங்காய் உரிப்பவனையோ வலை பொத்துபவனையோ பார்த்து யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொல்ல மாட்டார்கள். அது வெறும் வேலை. வலித்ததை வெளியே காட்டாமல் காரியத்தை முடித்தால்தான் இந்தப் பட்டம் கிடைக்கும்.

அந்தப் பட்டத்தைத் தெருவிலேயே அதிகம் வாங்கியவள் காலிதா. புருஷன் பாக்கர் கல்யாணமான மறு வருஷமே சபர் போனவர். பிழைப்புக்கு வெளிநாடு போவதற்கு அங்கே சபர் என்று பெயர், போனவர் சபராளி. அபுதாபியில் ஏதோ ஓட்டல் சமையற்கட்டில் வேலை. கடைசியாகக் கொரோனாவுக்கு அடுத்த வருஷம் வந்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். இடையில் மாமனார் மவுத்தானார், புயலில் கூரை போனது, மகள் சுஹா டைபாய்டில் கிடந்து பிழைத்தாள். எல்லாவற்றுக்கும் காலிதா போனில் சொன்னது ஒரே வார்த்தை: “கைரா இருக்கோம்.” நலமாக இருக்கிறோமாம்! சபராளி காதில் கெட்ட சேதி போடக் கூடாது என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம். கடல் தாண்டிப் போனவர் அங்கே கிடந்து தவிப்பாரே, வந்து என்ன செய்துவிடப் போகிறார், என்று நியாயமும் சொல்வார்கள். சேதி ஆறிப் பழசான பிறகுதான் அவருக்குத் தெரியும். மாமனார் கபர்க்குழியில் அடங்கி நாற்பது கழிந்த பிறகுதான் பாக்கர் அழுதார்.

சுஹா ராமநாதபுரத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள், கடைசி வருஷம். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அவள் பின்வாசலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள். உம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்து நகரை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். செதில் ஒன்றுகூட மிச்சமில்லாமல், வயிறு கிழியாமல், அப்படி ஒரு கை. ஒரு பூனை வந்தது. நேராக அவள் முன்னால் வந்து, அலசி வைத்த சட்டியிலிருந்து ஒரு மீனைக் கவ்வியது. காலிதா தலை நிமிர்ந்தபடியே அடுத்த மீனை எடுத்தாள். பூனை அவசரப்படவே இல்லை.

“உம்மா, பூனை!”

“எங்கன?” என்றாள் காலிதா. பூனை அவள் முழங்காலை உரசிக்கொண்டு போனது.

சுஹா துண்டைப் போட்டுவிட்டு உம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, சத்தமில்லாமல் விரல்களை நீட்டினாள். “இது எத்தனைன்னு சொல்லுங்க.”

“போடி வேலையத்தவளே.”

“சொல்லுங்க உம்மா.”

காலிதா கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். பிறகு தணிந்த குரலில், “சத்தம் போடாத. ஜுவைரியா காதுல விழுந்துரும்” என்றாள். ஜுவைரியா அடுத்த வீடு. அவள் காதில் விழுந்தால் பள்ளிவாசல் மைக்கில் சொன்ன மாதிரிதான்.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. வலது கண் போய் வெகுநாளாகிவிட்டதாம். இடது கண்ணில் நடுவில் மட்டும் காசளவுக்குத் தெரிகிறதாம், ஓரமெல்லாம் புகை. தனியாகவே பஸ் ஏறி ராமநாதபுரத்தில் கண் டாக்டரைப் பார்த்திருக்கிறாள். போர்டு தெரியாது, கண்டக்டர் கத்துகிற ஊர்ப் பேரைக் கேட்டே பஸ் பிடித்திருக்கிறாள். சர்க்கரை நோய் கண்ணின் பின்பக்கத்து ரத்தக்குழாயைக் கெடுத்துவிட்டது, வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு உடனே மதுரைக்குப் போங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். வீட்டு ஆள் என்றால் யார்? புருஷன் சபரில். மகளுக்குப் பரீட்சை. காலிதா வீட்டுக்கு வந்து புளியைக் கரைத்துவிட்டாள். இந்த மனுஷியை என்ன சொல்வது! கட்டிப்பிடித்து அழுவதா, நாலு அறை விடுவதா என்று சுஹாவுக்கே தெரியவில்லை.

மதுரைக்குக் கூட்டிப்போனாள். பெரிய கண்ணாஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இருப்பதை நிறுத்தி வைக்கப் பார்க்கலாம், எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது, போனதைத் திருப்ப முடியாது என்றார் டாக்டரம்மா. திரும்பி வரும் பஸ்ஸில் காலிதா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேசாமலே வந்தாள். பார்த்திபனூர் தாண்டியதும் சொன்னாள்.

“கண்ணு இருக்கும்போதே ஒங்க வாப்பா மொகத்த ஒரு தடவ பாத்துரணும்டி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

ஐம்பதை நெருங்கும் உம்மா, மகளிடம் இப்படியெல்லாம் பேசுகிறவள் அல்ல. சொல்லிவிட்டு வெட்கப்பட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“போன்ல தெரியலையா உம்மா?”

“அது ஒரு மூஞ்சியா? வெரலு தண்டிக்கு இருக்கு, அதுவும் ஆடிக்கிட்டே. வாசப்படியில வந்து நிக்கணும் மச்சான். நா நல்லாப் பாக்கணும்.”

“அப்ப சொல்லுவோம். ராத்திரியே சொல்றேன், அடுத்த வாரம் வந்துருவாக.”

காலிதா மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். “சொல்லக் கூடாது. அங்கன தீக்கு முன்னால நின்னு வேல பாக்குற மனுசன். இதக் கேட்டா கையி ஓடுமா, காலு ஓடுமா? சொல்லாம வரவைக்கணும். அதுதான் சாமர்த்தியம். அல்லா மேல ஆணையாச் சொல்லு, சொல்ல மாட்டேன்னு.”

சுஹா சொன்னாள். பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருக்க, ஆணையிட்டாள்.

அன்றிலிருந்து அவள் வேலை வாப்பாவை வரவைப்பது. என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். “மாடி ஒழுகுது வாப்பா, நீங்க வந்து நின்னு பாத்தாத்தான் கொத்தனார் ஒழுங்காச் செய்வாரு.” உம்மா பாத்துக்குவா என்றார் பாக்கர். “எனக்கு மாப்பிள்ள கேட்டு வாராக வாப்பா.” உம்மா விசாரிக்கட்டும், அவளுக்கு இல்லாத சாமர்த்தியமா என்றார். தலைகீழாக நின்றாலும் பதில் அந்த ஒரு சொல்லில் போய் முட்டியது. இருபது வருஷமாக எல்லாவற்றையும் சமாளித்தவள் இதையும் சமாளிப்பாள் என்று ஒரு மனுஷன் நம்பினால், அவனைக் குறை சொல்லவும் முடியாது. நம்ப வைத்தவள் அவளே.

கடைசியில் மகள் அழுதே கேட்டாள். “சும்மா வாங்க வாப்பா. எங்களுக்கு உங்களப் பாக்கணும் போல இருக்கு.” நோன்புக்கு லீவு கேட்டுப் பார்க்கிறேன், இன்ஷா அல்லா, என்றார். காலிதா அன்று ரவை கிண்டி அடுத்த வீட்டுக்கும் கொடுத்துவிட்டாள்.

நோன்பு பிறக்க இரண்டு வாரம் இருக்கும்போது வீடியோ கால் நின்றுபோனது. நெட்டு இழுக்கிறது, வாய்ஸ் மட்டும்தான் போகிறது என்று பாக்கர் சொன்னார். லீவும் கிடைக்கவில்லையாம். நோன்புக்கு வந்தது அவர் அல்ல, அவர் கூட வேலை பார்க்கும் சஃபீர். தொண்டிக்காரன். ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காலிதா டீ போட உள்ளே போனதும், சுஹாவை வாசலுக்கு வெளியே கூப்பிட்டான்.

“தங்கச்சி, சொல்லக் கூடாதுன்னு அண்ணே சத்தியம் வாங்கிட்டாரு. ஆனா எனக்கு வயித்துல நிக்கல. எண்ணெச் சட்டி கவுந்துருச்சும்மா. மூஞ்சி ஒரு பக்கம் பூரா…” மேலே சொல்லாமல் தன் இடது கன்னத்தில் காது முதல் தாடை வரை கையால் காட்டினான். “கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, உசுருக்கும் ஒண்ணும் இல்ல. தோலு எடுத்து ஒட்டியிருக்காக.”

சுஹா திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். உள்ளே உம்மா டம்ளரில் டீ ஆற்றும் சத்தம் கேட்டது, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத சத்தம்.

அன்று சாயங்காலம் அவளே வாப்பாவைக் கூப்பிட்டாள், மொட்டை மாடிக்குப் போய். பாக்கர் முதலில் சஃபீரைத் திட்டினார். பிறகு அழுதார். பிறகு ஒரு போட்டோ அனுப்பினார். சுஹா அதைப் பார்த்துவிட்டு போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். பாதி முகம் வாப்பா. மறு பாதி யாரோ.

“உம்மாட்ட மூச்சு விட்டுறாத ராசாத்தி. ஊருலயே இந்த மூஞ்சியத்தான் பெருசாச் சொல்லிக்கிட்டுத் திரிவா அவ. கண்டா பயந்துருவா. இன்னொரு ஆப்பரேசன் இருக்கு, கொஞ்சம் ஆறட்டும். ஹஜ்ஜுப் பெருநா கழிச்சு வாரேன். அதுவரைக்கும் நீ சமாளிச்சுக்க.”

அந்த நேரத்தில் சுஹாவின் வாயில் அந்த வாக்கியம் முழுசாக இருந்தது. உம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, முகம் எப்படி இருந்தாலும் இப்போதே வாருங்கள். அவ்வளவுதான். சொல்லியிருக்கலாம். ஆணை தடுத்ததா, வெந்துபோய்க் கிடக்கும் மனிதன் தலையில் இதையும் போடுவதா என்ற இரக்கம் தடுத்ததா, இல்லை பிறந்ததிலிருந்து காதில் விழுந்த “கைரா இருக்கோம்” தடுத்ததா, அவளுக்கே தெரியாது. ஹஜ்ஜுப் பெருநாள் ஒன்றும் அவ்வளவு தூரம் இல்லை, அதுவரை உம்மாவின் கண் தாங்கும் என்று மனது கணக்குப் போட்டது.

“சரி வாப்பா. நா பாத்துக்கிறேன்” என்றாள்.

“எனக்குத் தெரியும். ஒங்க உம்மா சாமர்த்தியம் ஒனக்கு அப்படியே வந்துருக்கு” என்றார் பாக்கர். உண்மையைச் சொன்னால், அந்தத் துக்கத்திலும் அவளுக்கு அது இனித்தது.

பார்த்துக்கொண்டாள். அடேயப்பா, எப்படிப் பார்த்துக்கொண்டாள்! உம்மாவிடம் நெட்டைத் திட்டினாள். வாப்பாவிடம் உம்மா தொழுகிறாள், தூங்குகிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் கல்யாண வீட்டுக்குப் போவதாகத் தெருவுக்குச் சொன்னாள். இரண்டு பக்கமும் பொய், நடுவில் அவள், ஒரு நாள்கூட நாக்குப் பிசகவில்லை. என்ன ஏது என்று தெரியாமலே ஜுவைரியா கூட, “ஒத்தப் புள்ளையா நின்னு வீட்டத் தாங்குறா பாரு, சாமர்த்தியக்காரிதான்” என்றாள்.

காலிதா தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தாள். கண்ணை மிச்சம் பிடிக்க ஆரம்பித்தாள். டாக்டர் சொல்லி அல்ல, தானாகவே. பார்க்கப் பார்க்கப் பார்வை செலவாகிறது, பார்க்காமல் இருந்தால் மிஞ்சும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. டிவியை விட்டாள். குர்ஆனைத் திறக்காமல் மனப்பாடமாகவே ஓதினாள். காலையில் சோறு ஆக்கியதும் பழைய துப்பட்டா ஒன்றைக் கிழித்துக் கண்ணில் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அரிசியையும் எண்ணெயையும் மிச்சம் பிடித்த கை, கண்ணையும் அப்படியே பிடிக்கப் பார்த்தது.

“அப்படியெல்லாம் இல்ல உம்மா, அவுத்துப் போடுங்க” என்று சுஹா சண்டை போட்டாள்.

“ஒனக்கென்ன தெரியும்? மச்சான் வரும்போது எனக்குக் காலியாப் போச்சுன்னா?”

அந்தத் துணிக்குள் அவள் சிரித்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல் சுஹா கல்லூரிக்குச் சீக்கிரமே கிளம்பிப் போனாள். பஸ்ஸில் தினமும் போனை எடுப்பாள். ‘வாப்பா, இப்பவே வாங்க’ என்று தட்டுவாள். அழிப்பாள். இன்னும் கொஞ்ச நாள்தானே.

சித்திரை வெயில் ஏறிய ஒரு காலை. சுஹா கல்லூரிக்குக் கிளம்பி நின்றாள். ராத்திரியும் கட்டியபடியே படுத்த துணியைக் காலிதா அவிழ்த்தாள். முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்.

“கரண்டு போயிருச்சா சுஹா?”

முற்றத்தில் வெயில் தகதகவென்று விழுந்து கிடந்தது. சுஹா தோள்பையைக் கீழே வைத்தாள். காலிதா கையை நீட்டித் தரையைத் தொட்டாள். தரை சுட்டது. வெயில் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள்.

மதுரையில் பார்த்தார்கள். கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, பின்னால் விழித்திரையும் விட்டுப்போயிருந்தது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தும் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. துணி கட்டியதால் போனதா என்று சுஹா கேட்டதற்கு, இல்லை, கட்டாவிட்டாலும் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. காலிதா அதைக் கேட்டுத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் பாக்கர் பேசினார். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அடுத்த வாரம் டிக்கெட் பார்க்கலாமா என்று கேட்டார்.

“ஒண்ணும் அவசரம் இல்ல மச்சான்” என்றாள் காலிதா. “ஒங்க வேலைய முடிச்சுக்கிட்டு மெதுவா வாங்க.”

சுஹா கொல்லைப்புறம் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். அழுது முடித்தபோது, இனி வாப்பா தைரியமாக வரலாம், உம்மா பயப்பட மாட்டாள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதும் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

பாக்கர் ஒரு முற்பகலில் மதுரை ஏர்போர்ட்டிலிருந்து காரில் வந்து இறங்கினார். தெரு கூடிவிட்டது. பள்ளிவாசல் முனையில் நின்ற ஆண்கள் சலாம் சொல்லிக் கட்டிப்பிடித்தார்கள், முகத்தைப் பார்த்ததும் கண்ணை எங்கேயோ திருப்பினார்கள். “கைரா, பாக்கர்?” “கைரு, அல்ஹம்துலில்லாஹ்.” யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜுவைரியா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தத் தெருவுக்கா சொல்லிக்கொடுக்க வேண்டும்?

காலிதா பச்சைப் பட்டு உடுத்தி வாசற்படிக்கு உள்ளே நின்றாள். சுஹா பின்னால் நின்றாள். செருப்புச் சத்தம் படியேறியது, நின்றது. காலிதா சத்தம் வந்த உயரத்துக்குச் சரியாக முகத்தை நிமிர்த்தினாள். எங்கே பார்க்க வேண்டுமோ அங்கேயே பார்த்தாள்.

“மெலிஞ்சுட்டீகளே மச்சான்” என்றாள். “மொகம் மட்டும் அப்படியே இருக்கு. அந்தச் சிரிப்பு மாறவே இல்ல.”

பாக்கர் சிரிக்கவில்லை. ஒட்டிய தோலின் மேல் வேர்வை நிற்க, அவர் அவளையே பார்த்தார். பிறகு சுஹாவைப் பார்த்தார். சுஹா தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு விளங்கிவிட்டது. பெட்டியைப் பிடித்திருந்த கை நழுவி, பெட்டி படியில் சாய்ந்தது.

“நீயும் அப்படியேதான் இருக்க” என்றார். குரல் உடைந்தது. காலிதா அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டாள், தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஜன்னல் பக்கத்தில் நின்ற ஜுவைரியாவிடம் காலிதா பெருமை தாங்காமல் சொன்னாள். “பாத்தியா ஜுவைரியா? சபர் போன ஆளுக எல்லாம் கெழடு தட்டித்தான் வாராக. எங்க மச்சானப் பாரு.”

ஜுவைரியா சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். “ஆமா லாத்தா. ராசா மாதிரி இருக்காக.” சொல்லிவிட்டு ஜன்னலை விட்டுப் போய்விட்டாள்.

பாக்கர் தண்ணீரைக் குடிக்கவில்லை. நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் மனைவிக்கு முன்னால் உட்கார்ந்தார். சுஹா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. காலிதாவின் வலது கையை எடுத்தார். எடுத்துத் தன் இடது கன்னத்தின் மேல் வைத்தார்.

காலிதாவின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. விரல்கள் மட்டும் நகர்ந்தன. தாடையில் ஏறின, மேடும் பள்ளமுமான இடத்தில் நின்றன, காது இருக்க வேண்டிய இடத்துக்குப் போயின, காது பாதிதான் இருந்தது. திரும்பி வந்தன. மறுபடி போயின.

“எப்ப?” என்றாள்.

“நோன்புக்கு முன்னாடி.”

“அதான் லீவு கெடைக்கலையா?”

“லீவெல்லாம் கெடைச்சிருக்கும் காலிதா. நாந்தான் வரல. நீ பாத்தா தாங்க மாட்டேன்னு வரல.” அவர் அவள் உள்ளங்கையில் முகத்தைப் புதைத்தார். “ஒனக்கு இப்படின்னு ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா, கட்டோட வந்து நின்னுருப்பேனே.”

காலிதா கையை எடுக்கவில்லை. யோசித்தாள். நோன்பு, சஃபீர், பெட்டி, நெட்டு. ஒவ்வொன்றாக அவளுக்குள் கூடி வருவதை சுஹா பார்த்துக்கொண்டே நின்றாள்.

“சுஹாவுக்குத் தெரியுமா?” என்றாள் காலிதா.

சுஹா விசும்பினாள், அது போதுமாக இருந்தது. காலிதா அந்தச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். இந்தத் தடவை குறி தப்பி, மகளுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“அப்ப எனக்கு ஒரு கண்ணு இருந்துச்சேடி.”